பதில் வரும் வரை

வணக்கம் சார்,

எனக்கு 27 வயது. வங்கியில் வேலை. ராத்திரி தூங்கப் போகும் முன் விண்வெளிக் காதல் நாவல்கள் படிப்பேன், எல்லாம் ஆங்கிலத்தில்தான். விண்கலத் தலைவி, எதிரிப் படைத் தளபதி, நடுவில் ஒரு போர் என்கிற மாதிரிக் கதைகள். வெட்கமாக இருக்கிறது, ஆனால் விட முடியவில்லை. என் தோழி, "ராக்கெட் வைத்த மெகா சீரியல்" என்கிறாள். இவற்றுக்கு இலக்கிய மதிப்பு உண்டா? அறிவியல் பிழைகளைப் பொருட்படுத்த வேண்டுமா? தமிழில் ஒன்று எழுதிப் பார்க்க ஆசை, எழுதலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் 'வெட்கம்' என்ற சொல் மூன்று இடத்தில் வந்தது. சுருக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். பகல் முழுக்க ஊரார் கணக்கைப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி அரை மணி நேரம் பிடித்ததைப் படிக்கிறீர்கள். அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்கிறீர்கள்? தோழியின் ஏச்சும் பழையதுதான். இந்த வகை விண்வெளிக் கதைகளுக்கு வழங்கும் ஸ்பேஸ் ஓபரா என்ற பெயரே 1941இல் வில்சன் டக்கர் என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் வைத்த வசைப்பெயர். வீட்டிலிருக்கும் பெண்களுக்காக வானொலியில் ஓடிய தொடர்களை சோப் ஓபரா என்றார்கள், அதிலிருந்து எடுத்தது. பெண்கள் விரும்பிக் கேட்டது என்றாலே மட்டம் என்ற எண்ணம் அந்த வசையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மதிப்பு உண்டா என்றால், உண்டு. லோயிஸ் மக்மாஸ்டர் புஜோல்டின் 'ஷார்ட்ஸ் ஆஃப் ஹானர்' 1986இல் வந்தது. எதிரெதிர்ப் பக்கத்துத் தளபதிகள், ஒரு பெண்ணும் ஒரு ஆணும், ஆளில்லாத கிரகத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கூடவே மூளை சிதைந்துபோன ஒரு இளம் வீரன். கருணையாக அவன் கழுத்தை அறுத்து முடித்துவிடலாம் என்கிறான் ஆண் தளபதி. முடியாது என்கிறாள் அவள். அப்புறம் இருவரும் அந்த வீரனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நடக்கிறார்கள். தின்ன ஓட்ஸ் கஞ்சியும் சீஸ் குழம்பு மாதிரி ஒன்றும்தான். கஞ்சியை அந்தப் பையனுக்கு ஊட்டும் கையைப் பார்த்துத்தான் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள். விண்கலம் வேண்டாம், இந்த நடை போதும் எனக்கு.

அறிவியல் பிழைகளை விட்டுத் தள்ளுங்கள். வெற்றிடத்தில் வெடிச் சத்தம் கேட்டால் கேட்கட்டும். கதாநாயகன் எப்போதும் ஏதோ ஒரு சாம்ராஜ்யத்தின் வாரிசாகவே இருப்பது அலுப்புத்தான், அதையும் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுண்டு. இந்தக் கதைகளில் தூரமே இல்லை. அவள் ஒரு நட்சத்திரத்தில், இவன் இன்னொன்றில். பொத்தானை அழுத்தினால் முகம் தெரிகிறது, சண்டை போடுகிறார்கள், சமாதானமாகிறார்கள். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்கே ஒளி போய்ச்சேர 4 வருடத்துக்கு மேல் ஆகும். 'கோபமா?' என்று கேட்டால் 'இல்லை' என்று வர 8 வருடத்துக்கு மேல். காதல் கதை எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதைத்தான் தூக்கி எறிகிறார்கள்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதற்கு ஒரே புத்தகத்தில் சாட்சி இருக்கிறது. உர்சுலா லெ குவினின் 'ரோகன்னன்ஸ் வேர்ல்ட்', 1966. அதன் முன்கதையில் செம்லி என்ற இளம் மனைவி, தொலைந்துபோன குடும்ப நகையை மீட்டுக் கணவனுக்குச் சீதனமாகக் கொண்டுவர வேண்டும் என்று வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிறாள். ஒரு நீண்ட இரவுப் பயணம்தான் என்று சொல்லி அழைத்துப் போகிறார்கள். ஒளியின் வேகத்தை ஒட்டிப் போகும் கலத்தில் காலம் மெதுவாக ஓடும், அதனால் அவளுக்கு அப்படித்தான் கழிகிறது. திரும்பி வந்தால் கணவன் செத்துப் பல வருடம். விட்டுப் போன குழந்தை வளர்ந்து எதிரே நிற்கிறது. நகை கையில் இருக்கிறது. அதே நாவலில்தான் 'ஆன்சிபிள்' என்ற, எத்தனை தூரமானாலும் நொடியில் செய்தி அனுப்பும் கருவி முதன்முதலாக வருகிறது. பின்னால் வந்த பலரும் கருவியை எடுத்துக்கொண்டார்கள், செம்லியை விட்டுவிட்டார்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது அப்பா மஸ்கட்டில் இருந்தார். ஊரில் போன் கிடையாது. போகிறவர் வருகிறவர் கையில் கேசட் கொடுத்தனுப்புவோம். அம்மா மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தி, "என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்பாள். அப்புறம் பேசமாட்டாள். நாலைந்து நொடி. நானும் தங்கச்சியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அப்பா பதில் சொல்வதற்கு இடம் விடுகிறாள் என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து அப்பாவின் கேசட் வரும். எடுத்ததும், "சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?" அங்கேயும் நாலைந்து நொடி வெறும் இரைச்சல். அம்மா டேப்ரெக்கார்டரைப் பார்த்து, "ஆச்சு" என்பாள்.

எழுதலாமா என்று கேட்காதீர்கள், எழுதுங்கள். நட்சத்திரம்கூட வேண்டாம், செவ்வாயே போதும். அது மிகத் தள்ளியிருக்கும் நாட்களில் ஒரு பேச்சு அங்கே போக 22 நிமிடம், பதில் வர 22 நிமிடம். பூமியிலிருந்து உங்கள் கதாநாயகி, 'சாப்பிட்டியா?' என்று கேட்கட்டும். அந்த 44 நிமிடம் அவள் என்ன செய்தாள் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்