பரதேசியின் நிலப்பத்திரம்

கேள்வி: நம்முடைய நிரந்தர வீடு பரலோகமே என்று உணர்ந்த நாள்முதல் அலுவலக வேலையிலும் வீட்டுக் காரியங்களிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை. வரவு செலவைக்கூட மனைவியிடமே விட்டுவிட்டேன். இது ஆவிக்குரிய வளர்ச்சி என்கிறார்கள் சபை நண்பர்கள். சோம்பல் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், நான் உங்கள் மனைவியின் பக்கம். பரலோகத்தை வாஞ்சிப்பதில் குற்றமில்லை. அந்த வாஞ்சை உங்கள் பங்குச் சுமையை இன்னொருவர் தோளுக்கு மாற்றியிருப்பதுதான் நெருடுகிறது.

"பூமியில் நாம் பரதேசிகள்" என்பதற்கு ஆபிரகாமைத்தானே எல்லோரும் காட்டுகிறோம்? அவர் அந்தச் சொல்லை எந்தச் சமயத்தில் சொன்னார் என்று ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அவர் மனைவி சாராள் இறந்துவிட்டாள். அந்த ஊர்க்காரரான ஏத்தின் புத்திரர் முன் நின்று, தான் அந்நியனும் பரதேசியுமாய் இருப்பதாகச் சொல்கிறவர், அதே மூச்சில் அவளை அடக்கம்பண்ணத் தமக்குச் சொந்தமாக ஒரு நிலம் கேட்கிறார். நிலத்துக்குச் சொந்தக்காரனான எப்பெரோன் இலவசமாகவே தருகிறேன் என்கிறான்; ஆபிரகாம் ஒப்பவில்லை. வியாபாரிகளிடம் செல்லுபடியாகும் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, நிலம், அதிலுள்ள குகை, எல்லையோரத்து மரங்கள் உட்பட அனைத்தையும் பட்டணத்து வாசலில் கூடியிருந்தவர்கள் அறியத் தம் பெயரில் உறுதிப்படுத்திக்கொள்கிறார். தேவன் கட்டின நகரத்துக்குக் காத்திருந்தவர் என்று எபிரெயர் 11 புகழ்வதும் இதே மனிதரைத்தான். மரங்களைக்கூட அவர் கணக்கில் விட்டுவிடவில்லை.

பவுலுக்கு உங்களைவிட ஏக்கம் அதிகம். பிரிந்துபோய்க் கிறிஸ்துவுடன் இருக்கவே ஆசை என்று பிலிப்பியருக்கு ஒளிவுமறைவின்றி எழுதியவர், தாம் சரீரத்தில் தரித்திருப்பது அவர்களுக்கு அவசியம் என்று உடனே சேர்த்துக்கொண்டார். உடலை அழிந்துபோகும் கூடாரம் என்று கொரிந்தியருக்கு எழுதிய அதே மனிதர், அந்தக் கொரிந்துவிலேதான் ஆக்கில்லாவோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். கூடாரம் நிலையானதல்ல என்பதற்காக அவர் தையலைத் தளர்வாகப் போட்டிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

நண்பர்கள் பிலிப்பியர் 3:20-ஐ எடுத்துக்காட்டியிருக்கக்கூடும். நம் பழைய மொழிபெயர்ப்பு அங்கே "குடியிருப்பு" என்று தரும் கிரேக்கச் சொல் குடியுரிமையைச் சார்ந்தது. பிலிப்பி ரோமாபுரியின் குடியேற்ற நகரம். அங்கிருந்த ரோமக் குடிமகன் ரோமாபுரிக்குப் போகும் நாளை எண்ணி மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, இருந்த இடத்திலேயே ரோமக் குடிமகனாக வாழ்ந்தான். வேலைசெய்யாமல் திரிந்தவர்களைப்பற்றி 2 தெசலோனிக்கேயர் 3 சொல்வதை நான் இங்கே எழுதவில்லை. சற்றுக் காரமானது, நீங்களே தனியாக வாசித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விலக்கிவைக்கிறேன். உறக்கமும் பசியும் குறைந்து, முன்பு மகிழ்ச்சி தந்த எதிலும், ஜெபத்திலும்கூட, மனம் ஒட்டாமல் போயிருந்தால், அது வளர்ச்சியும் அல்ல, சோம்பலும் அல்ல. தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்படியில்லையென்றால், இந்தப் பதிலை மனைவியிடம் காட்டுவதற்கு முன்பு வரவு செலவுப் புத்தகத்தை அவரிடமிருந்து கேட்டு வாங்கி, இந்த மாதப் பக்கத்தை நீங்கள் எழுதுங்கள்.