வரம் இல்லை என்று சொல்ல அவர் யார்?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். நான் லுத்தரன் சபையில் பிறந்து வளர்ந்தவள். சில வருடங்களாக வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கும் போய்வருகிறேன். அங்கே எல்லாரும் ஆவியானவர் வரமாகத் தரும், தாங்கள் கற்காத அந்நிய பாஷையில் பேசுகிறார்கள், எனக்கு மட்டும் வரவில்லை. போன மாதம் வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் என் தலையில் கைவைத்து, "உன்னிடம் மறைவான பாவம் இருக்கிறது, அதனால்தான் வரம் இறங்கவில்லை" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். வரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள், அதிலும் தெளிவாக எதுவும் வரவில்லை. புதுச்சேரியில் மூன்று நாள் 'வரங்களை எழுப்பும் முகாம்' நடக்கப்போகிறது. கட்டணம் 2,500 ரூபாய். போகலாமா? என் வரம் என்ன என்று எப்படி அறிவது?
— ஒரு சகோதரி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: முதலில் அந்த ஊழியக்காரர் விஷயத்தை முடித்துவிடுவோம். அவர் சொன்னது தீர்க்கதரிசனம் என்றால், அதற்குக் கொரிந்து சபைக்கு எழுதிய நிருபத்தில் அப்போஸ்தலன் பவுல் சட்டம் போட்டிருக்கிறார்: இரண்டு பேர் அல்லது மூன்று பேர் பேசலாம், "மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள்" (1 கொரிந்தியர் 14:29). அன்றைக்கு அந்த அறையில் யார் நிதானித்தார்கள்? ஒருவரும் இல்லை. எல்லாரும் "ஆமென்" சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள், நீங்கள்தான் ஒரு மாதமாகத் தூங்காமல் இருக்கிறீர்கள். உங்கள் பெயரும் தெரியாமல் வந்து, அடுத்த பஸ் பிடித்துப் போய்விட்ட ஒருவருடைய வார்த்தையை, உங்களைச் சின்ன வயதிலிருந்து அறிந்த சபையின் சாட்சிக்கு மேலே ஏன் வைக்கிறீர்கள்? பாவம் இருந்தால்தான் வரம் வராது என்பதும் வேதத்தில் இல்லாத கணக்கு. ஒரு வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்தில் பெயர் வாங்கிய அதே கொரிந்தியரைத்தான், பொறாமையும் வாக்குவாதமும் உள்ள மாம்சத்துக்குரியவர்கள் என்று மூன்றாம் அதிகாரத்தில் பவுல் கண்டிக்கிறார். வரம் இருப்பது பரிசுத்தத்துக்குச் சான்றிதழ் அல்ல. இல்லாதது குற்றப்பத்திரிகையும் அல்ல.

அந்நிய பாஷையை நான் கேலி செய்வதாக யாரும் கோபிக்க வேண்டாம். "உங்களெல்லாரிலும் அதிகமாய்" பேசுவதாகப் பவுலே சொல்கிறார், பேசுவதைத் தடைசெய்யவும் கூடாது என்கிறார். ஆனால் "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" என்றும் அவர்தான் கேட்கிறார் (12:30). அங்கே எதிர்பார்க்கும் பதில் 'இல்லை' என்பதுதான். ஆவியின் அபிஷேகத்தைப் பெற்றதற்கு அடையாளமாக வரும் பாஷை வேறு, வரமாக வரும் பாஷை வேறு என்று பெந்தெகொஸ்தே சகோதரர்கள் பிரிப்பார்கள், அப்போஸ்தலர் 2, 10, 19ஆம் அதிகாரங்களைக் காட்டுவார்கள். சரி. சமாரியாவில் ஆவியைப் பெற்றவர்களைப் பற்றிய 8ஆம் அதிகாரத்தில் பாஷை என்ற பேச்சே இல்லையே, பெந்தெகொஸ்தே நாளில் சேர்ந்த மூவாயிரம் பேரும் பாஷை பேசியதாக எழுதவில்லையே என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்த விவாதம் இந்தப் பக்கத்தில் தீராது. எப்படித் தீர்ந்தாலும், உங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த அதில் இடமில்லை.

இனி உங்கள் பக்கம். கொஞ்சம் கசக்கும். நான்கு பக்கக் கடிதத்தில் 'எனக்கு வரவில்லை', 'எனக்குக் கிடைக்கவில்லை' என்றுதான் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சபைக்கு என்ன குறை, யார் சோர்ந்து கிடக்கிறார்கள், எந்த வேலைக்கு ஆள் இல்லை என்று ஒரு வரிகூட இல்லை. வரங்களை நாடுங்கள் என்பது கட்டளைதான். எதற்காக நாடுவது? சபைக்குப் பக்திவிருத்தி உண்டாக (1 கொரிந்தியர் 14:12). அதை விட்டுவிட்டு நாடினால், பக்கத்தில் இருப்பவருக்கு வந்தது எனக்கு வரவில்லையே என்ற ஏக்கம்தான் மிஞ்சும்.

அந்தக் கேள்வித்தாளையும் இதனால்தான் நான் நம்புவதில்லை. ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். நம்மைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பதுதான் அதில் தெரியும். தவிர, வரங்களின் பட்டியல் எது? 1 கொரிந்தியர் 12இன் தொடக்கத்தில் ஒன்பது, அதே அதிகாரத்தின் 28ஆம் வசனத்தில் எட்டு, ரோமர் 12இல் ஏழு. ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ரோமர் பட்டியலில் பகிர்ந்து கொடுப்பதும் இரக்கம் செய்வதும் தீர்க்கதரிசனத்தோடு ஒரே வரிசையில் நிற்கின்றன. 28ஆம் வசனத்தில் 'ஆளுகைகள்' என்று ஒன்று வரும், அதற்காக உபவாசித்து ஜெபித்தவரை நான் பார்த்ததில்லை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபின் கடலூரில் இருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அரிசியும் தார்ப்பாயும் வந்து இறங்கின. எந்தத் தெருவில் எந்தக் கூரை போயிற்று என்று பார்த்துவந்து, யாருக்கு முதலில் என்பதைச் சண்டையில்லாமல் தீர்க்கத் தெரிந்த ஆளுக்குத்தான் தட்டுப்பாடு.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சாக்கு எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அரசு மருத்துவமனைக்குக் கஞ்சி கொண்டுபோவதால் ஆவியின் அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் மத்தியானக் காத்திருப்புக் கூட்டத்துக்கு ஒழுங்காக வர முடிவதில்லை என்று. கிராமத்திலிருந்து வந்து, எழுதப் படிக்கத் தெரியாமல் தவிக்கும் பாட்டிகளுக்கு, மாத்திரை அட்டையில் காலைக்கு ஒரு சூரியனும் ராத்திரிக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுப்பீர்களாமே. ஒரு வாரம் போகாவிட்டால் வார்டு நர்ஸம்மா போன் செய்து கேட்பாராமே. இதையெல்லாம் போய் சாக்கு என்று எழுத எப்படி மனம் வந்தது?

அப்படியானால் 'இரக்கம் செய்வதுதான் என் வரம்' என்று நான் முத்திரை குத்த வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். குத்தமாட்டேன். கடிதத்தைப் படித்துவிட்டு எங்கோ உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொன்னால், அந்த ஊழியக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தீமோத்தேயுவைப் பவுல் கூடச் சேர்த்துக்கொண்டபோது, லீஸ்திரா, இக்கோனியா என்ற இரண்டு ஊர்ச் சகோதரரும் அவனைப் பற்றி நற்சாட்சி சொல்லியிருந்தார்கள் (அப்போஸ்தலர் 16:2). உங்கள் ஆயரிடமும், பெண்கள் ஐக்கியத்தில் முகத்துக்கு நேரே பேசக்கூடிய இரண்டு மூத்தவர்களிடமும் போய், "என்னால் உங்களுக்கு எதில் பிரயோஜனம்?" என்று கேளுங்கள். அந்த நர்ஸம்மா கிறிஸ்தவர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், பரவாயில்லை, அவரையும் கேளுங்கள். ஆயர் ஐயா "ஜெபிப்போம் அம்மா" என்று நழுவினால் விடாதீர்கள். தன் சபையில் யாருக்கு என்ன வரம் என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வேலையை அவர்கள் செய்யாததால்தான் வெளியூர்க்காரர்கள் வந்து செய்கிறார்கள். இதை எழுதியதற்காக இரண்டு ஆயர்களாவது எனக்குக் கடிதம் போடுவார்கள், போடட்டும்.

வெள்ளிக்கிழமை ஜெபத்தை விட வேண்டியதில்லை. பாஷை வேண்டும் என்று கேட்கவும் தடையில்லை, கேளுங்கள். பகிர்ந்து கொடுக்கிறவர் "தமது சித்தத்தின்படியே" கொடுக்கிறார் என்பதையும் (1 கொரிந்தியர் 12:11) அதே மூச்சில் சொல்லிக்கொள்ளுங்கள்.

முகாமுக்குப் போக வேண்டாம். சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும்தான் 2,500 ரூபாய் என்பார்கள். அப்படியானால் நோட்டீசில் 'சாப்பாடு, தங்குமிடம்' என்று போடட்டும், 'வரங்களை எழுப்பும்' என்று போட வேண்டாம். சமாரியாவில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன், ஆவியைக் கொடுக்கும் அதிகாரத்தை வாங்க அப்போஸ்தலரிடம் பணத்தை நீட்டினான், பேதுரு அவனைத் திட்டி அனுப்பினார். இங்கே நீட்டுவதற்கு முன்பே ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பணம் ஏதாவது கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.