காலாவதியான கடன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எந்த அரசும் இயற்றாவிட்டாலும் இயல்பிலேயே நியாயம் என்று கொள்ளப்படும் இயற்கைச் சட்டம் பற்றிய உங்கள் கட்டுரைகளைப் படித்தேன். அடிமை முறை, கொடுங்கோல் அரசு, மனித உரிமை என்று பெரிய விஷயங்களைப் பேசும்போதுதான் அதைக் கொண்டுவருகிறீர்கள். கடன், வாடகை, கிரயம் மாதிரியான தனியார் சட்ட விவகாரங்களில் அதற்கு என்ன வேலை இருக்கிறது?

கேட்பதற்குக் காரணம் உண்டு. அப்பா 2009இல் தொழிலுக்காக நண்பர் ஒருவரிடம் புரோநோட் எழுதிக் கொடுத்து 60,000 ரூபாய் வாங்கினார். தொழில் நொடித்துவிட்டது. நண்பர் நெருக்கவில்லை, வழக்கும் போடவில்லை. போன வருடம் நிலம் விற்ற பணத்தில் அப்பா அசலையும், தனக்கு நியாயமென்று பட்ட வட்டியையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தம்பிக்குக் கோபம். "நோட்டு மூணு வருஷத்துலயே செத்துப்போச்சு. இல்லாத கடனுக்கு எதுக்குப் பணம்? திருப்பிக் கேக்கலாம்" என்கிறான். சட்டம் அவன் பக்கமா? அப்பா செய்தது வெறும் மனசாட்சிக் கணக்குதானா?

வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி சொல்வதில் பாதி சரி. கேட்கும்போது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படி வைத்திருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் ஐந்நூறோ ஆயிரமோ வாங்கிக்கொண்டு, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதி, கடன் வாங்கியவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டால் புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். வட்டிக்கு விடுகிறவர்கள் கெடு நெருங்கும்போது வாசலில் வந்து நின்று, "இருக்கிறதக் குடுங்க, வரவு வெச்சுக்கலாம்" என்று தணிவாகப் பேசுவது இதற்காகத்தான். அப்பாவின் நண்பர் அதைச் செய்யவில்லை. கெடு தாண்டிய பிறகு அவர் வழக்குப் போட்டிருந்தால், அப்பா வாயே திறக்காவிட்டாலும் நீதிமன்றம் தள்ளுபடி செய்திருக்கும். அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கே அந்தக் கடமையை விதிக்கிறது.

ஆனால் வழக்குப் போட முடியாது என்பதும் கடனே இல்லை என்பதும் ஒன்றல்ல. உச்ச நீதிமன்றம் 1957இல் பாம்பே டையிங் வழக்கில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: கெடு தாண்டினால் கடனை வசூலிக்கும் வழி அடைபடுகிறது, கடன் அழிவதில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால் இந்தக் கடன் பல இடங்களில் உயிரோடு நடமாடுவதைப் பார்க்கலாம். 25ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. ஒருவர் இன்னொருவருக்கு 1,000 ரூபாய் தரவேண்டும், கெடு தாண்டிவிட்டது. அதில் 500 தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அது செல்லுபடியாகும் ஒப்பந்தம். பதிலுக்கு அவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. செத்ததாகச் சொன்ன பழைய கடன்தான் அந்த வாக்குக்கு அடிப்படை.

60ஆம் பிரிவு இன்னும் சுவாரசியம். மளிகைக் கடையில் ஐந்து வருடத்துக்கு முந்தைய பாக்கி 2,000, போன மாதப் பாக்கி 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாக்கிக்கு என்று சொல்லாமல், வேறு குறிப்பும் இல்லாமல் 2,000 ரூபாயை நீட்டுகிறீர்கள். கடைக்காரர் அதைப் பழைய பாக்கியில் வரவு வைத்துக்கொண்டு, புதிய பாக்கிக்கு உங்கள் மேல் வழக்குப் போடலாம். கெடு தாண்டிய கடனாக இருந்தாலும் பரவாயில்லை என்று சட்டமே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. நிலத்தில் இந்தச் சலுகை கிடையாது என்பதையும் கவனியுங்கள். அடுத்தவர் அனுபவத்தில் இருக்கும் இடத்துக்கு உரிய காலத்தில் வழக்குப் போடாவிட்டால், காலவரையறைச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி உரிமையே அழிந்துபோகும். நிலத்துக்குச் சட்டம் கருமாதியே செய்துவிடுகிறது. கடனுக்குச் செய்யவில்லை.

அப்படியானால் எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராத அந்தக் கடன் எங்கே இருக்கிறது? இங்கேதான் இயற்கைச் சட்டம் உங்கள் வீட்டுக் கணக்குக்குள் வருகிறது.

திருப்பிக் கேட்கலாம் என்கிறாரே தம்பி, அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்கலாம். தவறிக் கொடுத்த பணத்தை வாங்கியவர் திருப்பித் தரவேண்டும் என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. இருவருக்கும் நடுவே ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது ஏன் தரவேண்டும்? அடுத்தவர் நஷ்டத்தில் ஒருவர் கொழுக்கக்கூடாது, அது இயற்கை நியாயம் என்று ரோமானியச் சட்ட அறிஞர் பொம்போனியஸ் காரணம் சொன்னார். இங்கிலாந்தில் 1760இல் மோசஸ் எதிர் மக்ஃபர்லன் வழக்கில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபுவும், வாங்கியவர் இயற்கை நீதியால் கட்டுப்பட்டவர் என்றுதான் தீர்ப்பெழுதினார். தம்பி பிடித்திருக்கும் கயிறே இயற்கைச் சட்டம் திரித்தது.

அதே தீர்ப்பில், எந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது என்றும் மான்ஸ்ஃபீல்டு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். மானத்துக்கும் நேர்மைக்கும் கட்டுப்பட்டுத் தரவேண்டியதைத் தந்திருந்தால் திரும்பக் கிடைக்காது, அது வழக்குப் போட்டு வசூலிக்க முடியாத பணமாக இருந்தாலும் சரி. அதற்கு அவர் காட்டும் முதல் உதாரணமே கெடு தாண்டிய கடன்தான். தம்பியிடம் இந்த ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தால் போதும். வேறு வழியில் வந்த ஜெர்மானியச் சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. கெடு தாண்டியது தெரியாமலே கொடுத்திருந்தாலும் அங்கே திரும்பக் கேட்க முடியாது.

இந்தச் சிந்தனையின் பழைய வடிவம் ரோமில் அடிமைகளின் கணக்கில் இருக்கிறது. ரோமானிய அடிமை சட்டப்படி ஒரு பொருள். ஆனால் எஜமான் அனுமதித்தால் சிறு தொகை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வான், கடன் கொடுப்பான். அவனிடம் எஜமானே கடன்படுவதும் உண்டு. அடிமை எஜமான் மேல் வழக்குப் போட முடியாது. இப்போது எஜமான் அவனை விடுதலை செய்கிறார். வழக்குப் போட்டுவிடுவானோ என்று தப்பாக நினைத்து, பழைய கடனைக் கொடுத்தும் விடுகிறார். பிறகு, சட்டப்படி தான் எதுவும் தரவேண்டியதில்லை என்று தெரிகிறது. திருப்பிக் கேட்கலாமா? கூடாது என்கிறார் ரோமானியச் சட்ட அறிஞர் திரிபோனினஸ். சுதந்திரம் இயற்கைச் சட்டத்தில் அடங்கியது, ஆண்டான் அதிகாரம் மனிதர்கள் நடுவே பிறகு புகுந்தது; ஆகவே கடன் உண்டா இல்லையா என்பதையும் இங்கே இயற்கையை வைத்தே பார்க்கவேண்டும் என்பது அவர் வாதம்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன. அடிமை முறை இயற்கைக்கு மாறானது என்று எழுதியவர்கள் அதை ஒழிக்கக் கேட்கவில்லை. அந்த மனிதனின் விலங்கைக் கழற்றாத இயற்கைச் சட்டம், அவனுக்கு வரவேண்டிய காசை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தது. பெரிய மேடைகளில் தோற்றுப்போன ஒரு கருத்து பற்று வரவில் ஜெயித்திருக்கிறது. நீங்கள் கேட்ட "என்ன வேலை" என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அதற்காகக் காலவரையறையே அநியாயம் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். இருபது வருடம் கழித்து ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டு வருகிறார். எழுதியவர் செத்துவிட்டார், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் இல்லை. அது அப்பாவின் கையெழுத்துதானா, அசல் ஏற்கெனவே அடைபட்டதா என்று பிள்ளைகள் எப்படிச் சொல்வார்கள்? வாங்கியதைத் தரவேண்டும் என்பதை இயற்கைச் சட்டம் சொல்லும். கெடு மூன்று வருடமா முப்பது வருடமா என்பதை அது சொல்லாது. அதை யாராவது உட்கார்ந்து தீர்மானிக்கத்தான் வேண்டும்.

பிள்ளைகள் என்றதும் இன்னொன்று. தகப்பன் கடனை மகன் தீர்ப்பது புனிதக் கடமை என்று இந்துச் சட்டம் வெகுகாலம் வைத்திருந்தது. சூதாட்டக் கடன், குடிக் கடன் போன்றவை மட்டும் மகனைச் சேராது. அந்தக் கடமையை மட்டும் காரணமாகக் காட்டி மகன் மேல் புதிய கடனுக்கு வழக்குப் போடுவதை 2005ஆம் ஆண்டுத் திருத்தம் நிறுத்திவிட்டது. நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். உங்கள் அப்பா தன் கடனைத் தானே தீர்த்திருக்கிறார், ஆகவே உங்களுக்கு அந்தச் சிக்கலும் இல்லை.

அப்புறம், வட்டி. மான்ஸ்ஃபீல்டின் பட்டியலில் கொள்ளை வட்டிக் கடனும் இருக்கிறது. ஆனால் அசலும் சட்டம் அனுமதித்த வட்டியும் எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் பணம் திரும்ப வராது என்கிறார். நம்மூரிலும் கந்துவட்டிக்கு எதிராக 2003இல் தனிச்சட்டம் வந்தது. மீட்டர் வட்டி, ரன் வட்டி என்று கேட்பவர், "வாங்கினது தர்மப்படி குடுக்கணும்ல" என்று பேசினால் அசலையும் சட்டம் அனுமதித்த வட்டியையும் தாண்டி அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. அப்பாவின் நண்பர் அப்படி எதுவும் கேட்கவில்லை. வட்டியை அப்பாவே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். தம்பி வழக்குப் போட்டால் கட்டணமும் வக்கீல் பீஸும்தான் புதிய செலவு.