டிஸ்சார்ஜ் ஆகிவிட்டது, அடுத்து என்ன? குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் கேட்ட கேள்விகள்

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினாறு வருஷம் செவிலியராக இருந்தேன். அதில் ஐம்பத்தெட்டு நாள் மட்டும் சீருடை இல்லாமல், அம்மாவாகக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றேன். 29 வாரத்தில் 1,100 கிராமோடு பிறந்த என் மகளுக்கு இப்போது பதினோரு வயது. நான் டாக்டர் இல்லை, மருந்தின் அளவு சொல்ல மாட்டேன். எப்போது, எதற்காக, எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

சிஸ்டர், என் பையன் 30 வாரத்தில் பிறந்தான். இப்போது ஏழு மாதம் முடிந்துவிட்டது, இன்னும் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை ஆறு மாதத்திலேயே உட்கார்ந்தது. பயமாக இருக்கிறது. (ஈரோட்டிலிருந்து ஒரு அப்பா)

தம்பி, முதலில் அவனுக்கு என்ன வயது என்று கணக்குப் போடுவோம். 40 வாரத்தில் பிறக்க வேண்டியவன் பத்து வாரம் முன்னால் வந்துவிட்டான். பத்து வாரம் என்றால் சுமார் இரண்டரை மாதம். ஏழில் இரண்டரை போனால் நாலரை மாதம். நாலரை மாதக் குழந்தை உட்காராததற்கு யாரும் கவலைப்பட மாட்டார்கள் இல்லையா? தலை நன்றாக நிற்கிறதா, பொம்மையைப் பார்த்துக் கை நீட்டுகிறானா, உங்கள் முகம் பார்த்துச் சிரிக்கிறானா என்பதைத்தான் இப்போது பார்க்க வேண்டும்.

இரண்டு வயது வரை எடை, உயரம், வளர்ச்சி எல்லாவற்றையும் இந்தச் சரிசெய்த வயதில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசி மட்டும் விதிவிலக்கு. அது பிறந்த தேதிக் கணக்குதான். "இன்னும் சின்னதாக இருக்கிறானே" என்று 6, 10, 14 வார ஊசிகளைத் தள்ளிப்போடும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்னதாக இருப்பதால்தான் அவனுக்கு அந்தப் பாதுகாப்பு சீக்கிரம் தேவை.

அக்கா, 31 வாரம், 1,400 கிராம். நாளை மறுநாள் குழந்தைக்கு 26 நாள் ஆகிறது, கண் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் நாற்பது நாள் கழியாமல் வெளியே எடுக்கக் கூடாது என்கிறார். கண் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் போகலாமா? (ராமநாதபுரம்)

வேண்டாம்மா. நாளை மறுநாளே போங்கள். மற்ற எந்தத் தேதி தள்ளிப்போனாலும் பிறகு சமாளிக்க வழி இருக்கும், இதற்கு இல்லை.

கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையின் ரத்தக் குழாய்கள் வயிற்றுக்குள் கடைசி மாதங்களில்தான் வளர்ந்து முடியும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நிற்கிறது. ஆக்சிஜன் வைத்த குழந்தைகளில் சிலருக்கு அந்தக் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, விழித்திரையையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். இதைத்தான் ஆர்.ஓ.பி. என்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாக, கறுப்பாக, தெளிவாகவே இருக்கும். வெள்ளையாகத் தெரியும் நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் கை மீறிப் போயிருக்கும்.

நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ 30 நாளுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரத்துக்கும் குறைவு, அல்லது 1,200 கிராமுக்கும் குறைவு என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. சிகிச்சை தேவை என்று சொன்னால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ போட்டுவிடுவார்கள். அவசரம் அவ்வளவு.

1996-ல் சென்னையில் 29 வாரத்தில், 1,250 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தாள். இந்தப் பரிசோதனை வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. பார்வை போய்விட்டது. அந்தக் குடும்பம் பல வருஷம் வழக்கு நடத்தி, 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். உங்களுக்குத் தேதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் அம்மா, அதை விட்டுவிடாதீர்கள்.

அங்கே என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பயந்துவிடுவீர்கள். கண்மணி விரிய சொட்டு மருந்து சில தடவை விடுவார்கள். ஒரு சின்னக் கம்பியால் இமையை விலக்கிப் பிடிப்பார்கள். குழந்தை கத்தி அழும். சில நிமிஷம்தான். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்னால் பால் கொடுத்து முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் அழுகையில் வாந்தி வரும். முடிந்ததும் நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுங்கள், அடங்கிவிடும். அப்புறம் ஒரு முறை பார்த்தால் போதாது. "ரத்தக் குழாய் முழுதாக வளர்ந்துவிட்டது" என்று டாக்டர் வாயால் சொல்லும் வரை அடுத்தடுத்த தேதிகளுக்குப் போக வேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்லிக் கேட்டால் அவரே அடுத்த தேதியை ஞாபகப்படுத்துவார்.

காது பரிசோதனை பிறந்த ஆஸ்பத்திரியிலேயே பாஸ் ஆகிவிட்டது. மறுபடி பெரா எடுக்கச் சொல்கிறார்கள். காசு பிடுங்கவா? (திருச்சி)

இல்லை. முதலில் எடுத்தது பெரும்பாலும் ஓ.ஏ.இ. அது காதின் உட்பகுதி வரைதான் பார்க்கும். அங்கிருந்து மூளைக்குப் போகும் நரம்பைப் பார்ப்பது பெரா. அதிக மஞ்சள் காமாலை, கிருமிக்கான சில ஊசிகள், வென்டிலேட்டர் என்று இருந்த குழந்தைக்கு நரம்பிலும் குறை வரலாம். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. மட்டும் போதாது.

இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். என் மகளுக்கும் பெராவுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் விழுந்தால் திடுக்கிட்டுத் திரும்புவாள். காது கேட்கிறதே என்று நான் போகவில்லை. செவிலியரான நானே போகவில்லை. ஒன்றரை வயதிலும் "அம்மா" தவிர வேறு வார்த்தை வராதபோதுதான் எடுத்துப் பார்த்தோம். இரண்டு காதிலும் நடுத்தரக் குறை. டம்ளர் சத்தம் கேட்கும், பேச்சில் பாதி எழுத்து கேட்காது. இன்று காதுக் கருவியோடு நன்றாகப் பேசுகிறாள். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்துத் தாலாட்டு அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இன்னும் நினைத்துப் பார்ப்பேன்.

ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ. இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது.

என் பேத்தி எட்டு மாசத்தில் பிறந்தாள். ஏழு மாசக் குழந்தை தங்கும், எட்டு மாசம் தங்காது என்பார்களே. சாம்பிராணி போட்டு, வசம்பு உரசிக் கொடுக்கலாமா கண்ணு? (ஒரு பாட்டி, தென்காசி)

பாட்டி, அந்தப் பேச்சை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். ஏழு மாசத்தைவிட எட்டு மாசக் குழந்தைக்கு நுரையீரலும் பலம், உயிர் பிழைக்கும் வாய்ப்பும் அதிகம்.

சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். அவள் நுரையீரலுக்கு அது ஆகாது. வசம்பும் வேண்டாம், மூக்கில் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம். ஆனால் உங்களால் மட்டும் செய்ய முடிந்த ஒரு வைத்தியம் இருக்கிறது. மருமகள் குளிக்கவும் தூங்கவும் போகும்போது, குழந்தைக்குத் தொப்பியும் டயபரும் மட்டும் போட்டு, உங்கள் நெஞ்சில் தோலோடு தோலாகச் சாய்த்துப் புடவையால் மூடிக்கொள்ளுங்கள். முகம் மட்டும் ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு அடைபடாமல் இருக்கட்டும். 1978-ல் கொலம்பியா நாட்டில் இன்குபேட்டர் போதாத ஒரு ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த முறை இது, கங்காரு பராமரிப்பு என்பார்கள். சூடு தங்கும், எடை ஏறும். அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை.

ஒன்பது மாதம், சரிசெய்த வயது ஏழு. தூக்கி நிறுத்தினால் கால் இரண்டும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்கிறது, ஒரு கையை மடக்கியே வைத்திருக்கிறாள். வாக்கரில் போட்டால் சரியாகுமா? (கடலூர்)

வாக்கரை வாங்காதீர்கள். சக்கர வாக்கர் கால் நுனியில் ஊன்றும் பழக்கத்தைத் தூண்டும், கவிழ்ந்து அடிபடும் குழந்தைகளும் ஏராளம். கனடாவில் 2004-ல் விற்பனையையே தடை செய்துவிட்டார்கள்.

நீங்கள் சொன்ன இரண்டும் இந்த வாரமே காட்ட வேண்டிய அறிகுறிகள். பயமுறுத்தச் சொல்லவில்லை. தசை இறுக்கம் சிலருக்குத் தானாகத் தளரும், சிலருக்குக் கை கால் அசைவைப் பாதிக்கும் மூளைவாதத்தின் (செரிப்ரல் பால்சி) தொடக்கமாக இருக்கும். எது என்பதைக் கையால் தொட்டுப் பார்க்கத் தெரிந்தவர்தான் சொல்ல முடியும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். இரண்டு வயது வரை மூளை புதுவழி கண்டுபிடிக்கும் வேகம் அபாரமானது.

மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே என்று அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள், டி.இ.ஐ.சி. என்றால் தெரியும். இயன்முறை, பேச்சு, பார்வை எல்லாம் ஒரே இடத்தில், கட்டணம் இல்லாமல். போவதற்கு முன் ஒரு வேலை: குழந்தை விழித்து, பசியில்லாமல், மல்லாந்து படுத்திருக்கும்போது மூன்று நிமிஷம் ஃபோனில் வீடியோ எடுங்கள். அங்கே போனதும் அழுகிற குழந்தையிடம் எதையும் பார்க்க முடியாது.

இட்லி எப்போது கொடுக்கலாம்? இரும்புச்சத்து சொட்டு மருந்தால் மலம் கறுப்பாகிறது, நிறுத்தலாமா?

திட உணவு, சரிசெய்த வயதில் ஆறு மாதம். நாலு மாதத்திலேயே ஆரம்பித்த குறைமாதக் குழந்தைகள் அதிகமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை இந்தியாவில் நடந்த ஆய்வே காட்டியது. சொட்டு மருந்தை நிறுத்தாதீர்கள், கறுப்பு நிறம் இரும்பால்தான். அம்மாவிடமிருந்து இரும்பு வந்து சேரும் கடைசி மாதங்களை இவர்கள் தவறவிட்டவர்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் தூக்கமே இல்லை. மூச்சு வருகிறதா என்று ராத்திரி பத்து தடவை மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். மானிட்டர் சத்தம் காதிலேயே இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

எனக்கும் கேட்டதும்மா, அந்தச் சத்தம். மிக்ஸி நின்றால்கூட பீப் பீப் என்று கேட்கும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், அழுகை அடங்காமல் இருந்தால் அதற்கும் சிகிச்சை உண்டு. 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம். குழந்தையின் அடுத்த செக்கப்பில், "எனக்கு முடியவில்லை" என்று டாக்டரிடம் ஒரு வரி சொல்லுங்கள். இன்று ராத்திரி இரண்டு மணி வரை வீட்டுக்காரரை முழித்திருக்கச் சொல்லிவிட்டு வேறு அறையில் படுங்கள்.

ஆறு வயது. எல்லாம் சரி என்று எப்போதோ செக்கப்பை நிறுத்திவிட்டோம். கணக்கு வரவில்லை, போர்டைப் பார்த்து எழுதுவதில்லை, வகுப்பில் கவனமில்லை என்கிறார் டீச்சர்.

முதலில் கண். ஆர்.ஓ.பி. வராத குறைமாதக் குழந்தைக்கும் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் அதிகம் வரும். பள்ளி வயது வரை வருஷம் ஒரு தடவை பார்க்க வேண்டியது. கண்ணும் காதும் சரியென்றால் கற்றல், கவன மதிப்பீடு. கணக்கும் கவனமும் இந்தக் குழந்தைகள் சறுக்கும் இடம்தான், சோம்பேறித்தனம் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை டீச்சரிடம் காட்டிப் பேசுங்கள். அடிக்கவோ திட்டவோ வேண்டாம்.

சிஸ்டர், அவசரம். இரண்டு மாதப் பையன். சாயங்காலம் முதல் இடது தொடை மடிப்பில் நெல்லிக்காய் அளவு வீக்கம். தொட்டால் கத்துகிறான், ஒரு தடவை வாந்தி எடுத்தான். காசு வைத்துக் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள், அமுக்கியும் பார்க்காதீர்கள். குடல் இறங்கி மாட்டியிருக்கலாம், குறைமாத ஆண் குழந்தைகளுக்கு இது வரும். பால் கொடுக்காமல், குழந்தைகள் அறுவை சிகிச்சை இருக்கும் ஆஸ்பத்திரிக்கு இப்போதே போங்கள். வண்டி இல்லையென்றால் 108. ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம், கிளம்புங்கள்.