டார் கோப்பு இறங்கியது, பாட்டு வரவில்லை

கேள்வி: நான் சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மடிக்கணினியில் வின்டோஸ் 11 ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பி மகன் அதில் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போய்விட்டான். முன்பெல்லாம் வின்ஆம்பில் பாட்டுக் கேட்டுப் பழகியவள். அதே மாதிரி இருக்கும் என்று யாரோ சொன்னதால் ஆடேஷியஸ் என்ற பிளேயரை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினேன். வந்தது ‘டார் பிஇசட்2’ என்று முடியும் ஒரு கோப்பு. இருமுறை சொடுக்கினால் உள்ளே என்னென்னவோ கோப்புகள் தெரிகின்றன. நிறுவும் பொத்தானை மட்டும் காணோம். கணினிக் கடையில் கேட்டதற்கு, “அதை கன்வெர்ட் பண்ணணும், 60 வெள்ளி. கடைக்கு வரவே வேண்டாம், இங்கிருந்தே செய்கிறோம், பாஸ்வேர்ட் மட்டும் கொடுங்கள்” என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் டீச்சர். பாஸ்வேர்டும் வேண்டாம், 60 வெள்ளியும் வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது பிளேயரே இல்லை. பிளேயரை உருவாக்குவதற்கான மூலநிரல். இட்லி கேட்டவரிடம் அரிசியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் ஆடேஷியஸ்காரர்கள் அரிசியை ஒரு பையிலும் உளுந்தை இன்னொரு பையிலும் வைத்திருக்கிறார்கள். பிளேயர் ஒரு கோப்பு, எம்பி3 மாதிரியான பாட்டுகளைப் படித்து ஒலியாக்கும் செருகுநிரல்கள் வேறொரு கோப்பு. நீங்கள் இறக்கியது முதல் பை மட்டும் என்று நினைக்கிறேன். அதை எப்படியோ அரைத்து, ஊற்றி, வேகவைத்து எடுத்திருந்தாலும் ஒரு பாட்டும் பாடியிருக்காது.

செய்ய வேண்டியது இதுதான். மின்டின் மெனுவைத் திறந்து ‘சாஃப்ட்வேர் மேனேஜர்’, அதாவது மென்பொருள் மேலாளர், என்பதைச் சொடுக்குங்கள். தேடும் இடத்தில் ஆடேஷியஸ் என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். இரண்டு விதமாகக் காட்டினால் ‘சிஸ்டம் பேக்கேஜ்’ என்று இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்ஸ்டால்’ அழுத்துங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். உங்கள் கணினியில் நீங்களே தட்டுகிறீர்கள், அதனால் இந்த இடத்தில் பயமில்லை. அரிசி, உளுந்து எல்லாம் சேர்ந்து வெந்த இட்லியாக வந்துவிடும். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது. திறந்த பிறகு அமைப்புகளில் தேடினால் பழைய வின்ஆம்ப் முகமும் கிடைக்கும், மாற்றிக்கொள்ளலாம்.

இப்படி வருவது தளத்தில் இருப்பதைவிட ஒன்றிரண்டு பதிப்பு பழையதாக இருக்கும். அதனால் பாட்டு ஒன்றும் பழசாகக் கேட்காது.

உங்கள் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். மற்றதெல்லாம் என் புலம்பல், இருந்தாலும் படித்துவையுங்கள்.

முதல் கோபம் லினக்ஸ் உலகத்தின் மேலேயே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி வின்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ மடிக்கணினிகள் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. அவற்றுக்கு மறுவாழ்வு கொடுக்க லினக்ஸ் இருக்கிறது என்று நாங்கள்தான் மேடை போட்டுப் பேசினோம். சரி, உங்களைப் போன்றவர்கள் நம்பி வந்தார்கள். வந்தவர் ஒரு பாட்டு பிளேயரைத் தேடிப் போனால் பதிவிறக்கப் பக்கத்தில் மூலநிரலை நீட்டுகிறோம். ‘பெரும்பாலோர் இதைத் தொட வேண்டாம், உங்கள் லினக்ஸின் மென்பொருள் மேலாளரிலேயே இருக்கிறது’ என்று கொட்டை எழுத்தில் முதல் வரியாகப் போட்டால் என்ன குறைந்துபோகும்? கேட்டால் ‘ரீட்மீ கோப்பைப் படி’ என்பார்கள். அதைத் திறந்தால் ‘கன்ஃபிகர்’ செய், ‘மேக்’ செய், ‘மேக் இன்ஸ்டால்’ செய் என்று மூன்று கட்டளை இருக்கும். முதல் கட்டளையிலேயே ‘அந்த நூலகம் இல்லை, இந்த நூலகம் இல்லை’ என்று சண்டை தொடங்கும். நூலகம் என்றால் பிளேயருக்குத் தேவையான துணை நிரல். ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டு முடிப்பதற்குள் பாட்டுக் கேட்கும் ஆசையே போய்விடும். அப்படியே ஏற்றி முடித்தாலும் அது மின்டின் கணக்கில் வராது. பின்னால் பாதுகாப்புத் திருத்தம் தானாக வந்து சேராது, நீக்குவதும் தலைவலி.

டார் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘டேப் ஆர்க்கைவ்’ என்பதன் சுருக்கம். 1979-இல் யூனிக்ஸில் வந்தது. காந்த நாடாவில் கோப்புகளை வரிசையாக எழுதிவைக்கச் செய்த ஏற்பாடு. பாட்டுக் கேசட் காலத்துச் சரக்கு, பாட்டுக் கேட்க வந்த உங்களிடமே வந்து மாட்டியிருக்கிறது. அது பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும், அவ்வளவே. பின்னால் ஒட்டியிருக்கும் பிஇசட்2, ஜிஇசட், எக்ஸ்இசட் எல்லாம் மூட்டையை எந்த முறையில் அழுத்திச் சுருக்கியிருக்கிறார்கள் என்று சொல்பவை. மூட்டையை ‘கன்வெர்ட்’ பண்ண எதுவும் கிடையாது. அவிழ்க்கலாம், அதற்குக் காசு கிடையாது. மின்டில் வலது பொத்தானைத் தட்டி ‘எக்ஸ்ட்ராக்ட் ஹியர்’ என்றால் அவிழ்ந்துவிடும்.

இப்போது கடைக்கு வருகிறேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போட்டு அக்கம்பக்கத்தாரின் கணினிகளைப் பார்த்துக் கொடுப்பது என் வழக்கம். போன மாதம் ஓர் அண்ணன் மடிக்கணினியோடு ஒரு கடை ரசீதையும் கொண்டுவந்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். முதல் வரி: லினக்ஸ் லைசென்ஸ், 90 வெள்ளி. அடுத்தது: டார் கன்வெர்ஷன், 35 வெள்ளி. மூன்றாவது: ஆடியோ டிரைவர், 40 வெள்ளி. 165 வெள்ளி வாங்கிக்கொண்டு அந்தக் கடை செய்தது என்ன என்று பார்த்தேன். விஎல்சி என்ற பிளேயர் இருந்தது. மென்பொருள் மேலாளரில் ஒரு சொடுக்கில் வந்து உட்காரும் அதே விஎல்சி. 1996-இல் பாரிஸில் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது, இன்றுவரை இலவசம். மின்டும் இலவசம், அதற்கு லைசென்ஸ் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அண்ணனிடம் சொன்னபோது அவர் ரசீதை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “போகட்டும் தம்பி, வீட்டில் சொல்லாதே” என்றார்.

உழைப்புக்குக் கூலி வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். ஒருவர் வீட்டுக்கு வந்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, மென்பொருள் மேலாளரைக் காட்டிக் கொடுத்து 20 வெள்ளி கேட்டால் கொடுங்கள். இல்லாத வேலைக்குப் பெயர் சூட்டிக் காசு வாங்குவதுதான் வயிற்றெரிச்சல். ‘கன்வெர்ட்’, ‘ஆக்டிவேஷன்’, ‘லைசென்ஸ்’ இந்த மூன்றில் ஒன்று லினக்ஸ் பிளேயருக்கு முன்னால் வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து அந்த ‘இங்கிருந்தே செய்கிறோம்’. தொலைவிலிருந்து உங்கள் கணினிக்குள் வந்து, பாஸ்வேர்டும் கையில் இருந்தால் அவர் தொடாத இடம் இல்லை. லினக்ஸில் அந்த ஒரு பாஸ்வேர்டைக் கொண்டு ‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளை கொடுத்தால் கணினியின் முழு நிர்வாகியாகலாம். பிரவுசரில் சேமித்துவைத்த வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்கள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன? அடுத்து ‘பணம் கட்ட சிங்பாஸில் ஒருமுறை நுழையுங்கள்’ என்று அரசாங்கச் சேவைகளுக்கான உங்கள் அடையாளக் கணக்கையே கேட்பார்கள். அந்தக் கடை அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே வார்த்தைகளைத்தான் மோசடிக்காரனும் சொல்வான், குரலை வைத்து உங்களால் பிரித்தறிய முடியாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். சந்தேகமாக இருந்தால் மோசடி பற்றி விசாரிக்கும் 1799 ஸ்கேம்ஷீல்ட் உதவி எண்ணை அழையுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இன்னொரு பொறியும் உண்டு. ‘இந்த ஒரு வரியை டெர்மினலில் ஒட்டுங்கள், பிளேயர் தானே ஏறிவிடும்’ என்று இணையத்தில் நிறையப் பேர் எழுதிவைத்திருப்பார்கள். டெர்மினல் என்பது கட்டளைகளைத் தட்டும் சன்னல். வரியில் சூடோ இருந்து, எங்கிருந்தோ எதையோ இறக்கி உடனே ஓட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். முகம் தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போவதும் அதுவும் ஒன்றுதான்.

சொந்தத் தளத்திலிருந்துதானே இறக்கினேன் என்பீர்கள். நல்ல பழக்கம். ஆனால் அதுவும் முழுக் காப்பு இல்லை. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்டின் தளத்துக்குள்ளேயே புகுந்து, பதிவிறக்க இணைப்பை நச்சு கலந்த பிரதிக்குத் திருப்பிவிட்டார்கள். 2024 மார்ச்சில் நடந்தது அதைவிட மோசம். டார் மூட்டைகளைச் சுருக்கப் பயன்படும் அதே எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் ரகசியமாக நுழையப் பின்வாசல் ஒன்றை ஒளித்துவைத்திருந்தார்கள். எல்லாரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் தெரியாமல், வெளியிட்ட டார் மூட்டையில் மட்டும் அதைத் தூண்டும் துண்டைச் சொருகியிருந்தார்கள். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைவது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் வெளிவந்தது. அந்தப் பதிப்புகள் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் நிலையான வெளியீடுகளுக்குள் வரவில்லை. மின்ட் உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. மேலாளரில் வரும் மென்பொருள் கொஞ்சம் பழையது என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். அந்தத் தாமதம் அன்று நம்மைக் காப்பாற்றியது.

அப்படியானால் டார் மூட்டை எப்போதுமே ஆகாதா? ஆகும். சில பிளேயர்கள் ஏற்கெனவே சமைத்து முடித்ததையே டார் மூட்டையாகத் தருகின்றன. டெட்பீஃப் அப்படி ஒன்று. அதன் எடுத்துச்செல்லும் பதிப்பை அவிழ்த்து உள்ளே இருப்பதை அப்படியே ஓட்டலாம், நிறுவவே வேண்டாம். உள்ளே ‘கன்ஃபிகர்’ என்று ஒரு கோப்பு கிடந்தால் அரிசி. பிளேயரின் பெயரிலேயே பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பு இருந்தால் பெரும்பாலும் இட்லி. அந்தக் கோப்புறையில் வலது பொத்தானைத் தட்டி டெர்மினலைத் திறந்து, ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, அப்புறம் கோப்பின் பெயர் என்று இடைவெளி இல்லாமல் தட்டினால் ஓடும். புள்ளியும் சாய்கோடும் ‘இங்கேயே இருப்பதை ஓட்டு’ என்று சொல்வதற்கு. அதை விட்டுவிட்டால் ‘அப்படி ஒன்று இல்லையே’ என்று கண் முன்னால் கிடப்பதையே மறுக்கும்.

இந்த இடத்தில் பென்டிரைவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் மேசைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இதில்தான் விழுகிறார்கள்.

கடையில் வாங்கும் பென்டிரைவ்களில் பல ‘ஃபேட்32’ என்ற பழைய முறையில் வடிவமைத்தவை. எந்தக் கோப்பை ஓட்டலாம், எதை ஓட்டக்கூடாது என்று லினக்ஸ் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறி போட்டுவைக்கும். ஃபேட் முறைக்கு அந்தக் குறியை எழுத இடமே இல்லை. ஆகவே பென்டிரைவில் வைத்து மூட்டையை அவிழ்த்தால் குறி போய்விடும், ஓட்டினால் ‘பெர்மிஷன் டினைட்’. கோப்பின் பண்புகளில் போய் ‘ஓட்ட அனுமதி’ பெட்டியில் டிக் போடுவீர்கள், நிற்காது. சூடோ போட்டுப் பார்ப்பீர்கள், அதற்கும் மசியாது. இதோடு முடியவில்லை. மூட்டைக்குள் ஒரு நூலகக் கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள் குறுக்கு இணைப்பாக இருக்கும். ஃபேட் அதையும் ஏற்காது. அவிழ்க்கும்போதே ‘ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்’ என்று பாதியில் பிழை காட்டும். பிறகு அந்தக் கோப்புறையை வீட்டுக் கோப்புறைக்கு நகலெடுத்தாலும் தொலைந்த இணைப்பு திரும்பி வராது. அதனால் அவிழ்க்காத மூட்டையை முதலில் உங்கள் ‘ஹோம்’ கோப்புறைக்கு நகலெடுங்கள். அவிழ்ப்பது அதற்கு அப்புறம். இந்த வரிசை மாறக்கூடாது. பென்டிரைவையே லினக்ஸ் முறைக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். மாற்றினால் உங்கள் தொலைக்காட்சியும் காரும் அதைப் படிக்காமல் போகலாம், கேட்காதீர்கள். பாட்டுகள் மட்டும் பென்டிரைவில் இருந்தால் பிரச்சினையே இல்லை. பாட்டைப் படித்தால் போதும், ஓட்ட வேண்டியதில்லையே.

பாட்டுகள் என்றதும் ஒன்று. நீங்கள் பல வருடமாகச் சேர்த்துவைத்தவற்றில் சிலவற்றின் பெயர் கிறுக்கலாகத் தெரிந்தால் பிளேயரைத் திட்டாதீர்கள். எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை பரவுவதற்கு முன்னால் ஆளுக்கொரு எழுத்துமுறையில் தமிழை உள்ளிட்டோம். அந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்க 1997-இல் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ்நெட் மாநாடு கூட்டியது நம் சிங்கப்பூரில்தான். பழைய எழுத்துமுறைகளில் பெயரிட்ட பாட்டுகளுக்கு அந்த மாநாட்டால் ஒன்றும் செய்ய முடியாது. கையால்தான் திருத்த வேண்டும்.

இறக்கிய டார் கோப்பையும், அவிழ்த்திருந்தால் அந்தக் கோப்புறையையும் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். அதை வெறுமனே திறந்து பார்த்ததால் கணினியில் எதுவும் ஏறவில்லை, கெடவும் இல்லை. கடைக்காரர் மறுபடி கூப்பிட்டால் தம்பி மகன் வந்து பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிடுங்கள். அவன் ஆஸ்திரேலியாவில் இருப்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.