3 சதவீத வீட்டுக் கடனைத் தொடாதீர்கள், ஹீலாக்கை மூடுங்கள்

கேள்வி: நியூ ஜெர்ஸியில் மெட்ரோபார்க் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட தூரத்தில் இருக்கிறோம். கணவருக்கு மன்ஹாட்டனில் வேலை, எனக்கு இங்கேயே ஒரு மருந்து கம்பெனியில். இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,65,000 டாலர், கைக்கு வருவது மாதம் 13,800. 2020 கோடையில் 7,20,000-க்கு வீடு வாங்கினோம், 20% கையிலிருந்து போட்டோம், மீதிக்கு 30 ஆண்டுக் கடன், 3% நிலையான வட்டி. இப்போது வீட்டு மதிப்பு 9,50,000 என்கிறார்கள். 2022 தொடக்கத்தில் 1,50,000 டாலர் வரம்புக்கு ஹீலாக் (வீட்டை வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) எடுத்தோம். சமையலறையைப் புதுப்பிக்க 46,000 ஆனது. 2023-இல் கோயம்புத்தூரில் கொழுந்தனார் வீடு கட்ட 50,000 அனுப்பினோம். மற்றது அவ்வப்போது எடுத்தது. இன்று பாக்கி 1,18,000, வட்டி 8%. இப்போது கொழுந்தனார் மேல்மாடி கட்ட இன்னும் 60,000 கேட்கிறார், மாமனாரும் போனில் தினமும் அதையே சொல்கிறார். வங்கியில் எல்லாவற்றையும் சேர்த்து 6.5%-க்கு கேஷ்-அவுட் ரீஃபைனான்ஸ் (பழைய கடனை மூடி, அதைவிடப் பெரிய புதுக் கடன் வாங்கி மீதியைப் பணமாக எடுப்பது) செய்யலாம் என்கிறார்கள். நண்பர் ஒருவர் ஐ.யூ.எல். பாலிசி (பங்குச் சந்தைக் குறியீட்டோடு லாபம் இணைந்த ஆயுள் காப்பீடு) போட்டால் ஓய்வுக்காலத்துக்கும் ஆயிற்று, பிள்ளைகள் காலேஜுக்கும் ஆயிற்று என்கிறார். மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. இவ்வளவு சம்பாதித்தும் கையில் எதுவும் நிற்பதில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் நின்று நின்று படித்தது "மற்றது அவ்வப்போது எடுத்தது" என்ற அந்த ஒரு வரியைத்தான். 1,18,000-இல் சமையலறை 46,000, கொழுந்தனார் 50,000 போனால் மிச்சம் 22,000. அது எதற்குப் போனது என்று உங்களாலேயே எழுத முடியவில்லை. கடிதத்தோடு நீங்கள் இணைத்த ஸ்டேட்மென்ட்டுகளைப் பார்த்தால் எனக்குப் புரிகிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிரெடிட் கார்டு பாக்கி ஏறுகிறது, ஹீலாக்கிலிருந்து எடுத்து ஒரே அடியாக அடைக்கிறீர்கள், கார்டு பூஜ்யத்துக்கு வருகிறது, அடுத்த மாதம் நிம்மதியாக மறுபடி தொடங்குகிறது. கோடையில் இரண்டு பிள்ளைகளுக்கும் கேம்ப், பின்பக்கம் டெக், இந்தியப் பயணத்துக்கு டிக்கெட், அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டில் பேஸ்மென்ட் முடித்துவிட்டார்கள் என்று நீங்களும் கூப்பிட்டுக் கேட்ட எஸ்டிமேட். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ஊதாரித்தனம் இல்லை. அந்தப் பகுதியில் உங்கள் வருமானத்தில் இருக்கும் எல்லாக் குடும்பமும் செய்கிற செலவுதான். ஆனால் கார்டு பாக்கி 20 சதவீதத்துக்கு மேல் வட்டியோடு கண்முன்னால் நின்றிருந்தால் நீங்கள் இரண்டாவது மாதமே சுதாரித்திருப்பீர்கள். அதை வீட்டின் மேல் மாற்றிப் போட்டதும் அந்த உறுத்தல் போய்விட்டது. பழக்கம் இதுதான், கெடுதல் செய்வதும் இதுதான்.

நீங்கள் கொடுத்த கணக்கையே போடுகிறேன். வீட்டுக் கடன் தவணை 2,430, சொத்து வரி மாதம் 1,300, காப்பீடு 170, ஆக வீட்டுக்கு 3,900. ஹீலாக் வட்டி 790. இரண்டு கார் 1,150. பரதம், கணிதம், நீச்சல் எல்லாம் சேர்த்து 1,400. மளிகை, மின்சாரம், ரயில் பாஸ், ஸ்டேஷன் பார்க்கிங், மற்றவை 3,800. கூட்டினால் 11,040. கைக்கு வருவது 13,800. அதாவது மாதம் 2,760 மிஞ்ச வேண்டும். மிஞ்சவில்லை, மேற்கொண்டு ஹீலாக்கிலிருந்தும் எடுக்கிறீர்கள். உங்களுக்கு வருமானம் போதாமல் இல்லை. செலவு எல்லை மீறும்போது சொல்லும் மணியை நீங்களே அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

இந்த 790 வெறும் வட்டி என்பதையும் பாருங்கள். முதல் பத்து ஆண்டு வட்டி மட்டும் கட்டினால் போதும் என்பது உங்கள் ஒப்பந்தம், 2032-க்குப் பிறகு அசலும் சேரும். அதுவரை 790 வீதம் கட்டிக்கொண்டே போனால் 1,18,000 அப்படியே 1,18,000-ஆக நிற்கும். வட்டி விகிதமும் நம் கையில் இல்லை. ஹீலாக் வட்டி எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதோ அந்த பிரைம் ரேட் (வங்கிகளின் அடிப்படை வட்டி) நீங்கள் எடுத்தபோது 3.25, அடுத்த ஆண்டு ஜூலையிலேயே 8.5. அதன் பிறகு இறங்கியிருக்கிறது என்றாலும், பிள்ளை காலேஜுக்குப் போகும் ஆண்டில் எங்கே நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதே நேரம் மற்றச் செலவுகளும் சும்மா இருப்பதில்லை. ரயில், பஸ் ஓட்டும் என்.ஜே. டிரான்சிட் 2024 ஜூலையில் கட்டணத்தை 15% ஏற்றியது, அடுத்து ஆண்டுதோறும் 3% என்றும் அறிவித்துவிட்டது. சொத்து வரியில் மாநிலச் சராசரியே 2024-இல் 10,000 டாலரைத் தாண்டியது, உங்களுடையது 15,600. நல்ல பள்ளி, பக்கத்தில் ரயில் என்று வாங்கிய வீட்டுக்கு இது ஆண்டுதோறும் கொடுக்கும் விலை, குறையப் போவதில்லை.

வீட்டு மதிப்பு ஏறியது உண்மைதான், சந்தோஷம். ஆனால் அந்த 9,50,000 விற்றால்தான் பணம். மகள் ஹைஸ்கூல் முடிக்கும்வரை நீங்கள் விற்கப் போவதில்லை.

கேஷ்-அவுட் ரீஃபைனான்ஸ் பற்றி ஒரு வார்த்தையில் சொன்னால், வேண்டாம். உங்கள் பழைய கடனில் இன்னும் ஏறத்தாழ 5,05,000 இருக்கிறது, அதற்கு வட்டி 3%. அதைத் தூக்கி 6.5%-இல் போட்டால் அந்தப் பகுதிக்கு மட்டுமே முதல் ஆண்டில் 17,500 டாலருக்கு மேல் கூடுதல் வட்டி. பழையது 5,05,000, ஹீலாக் 1,18,000, புதிதாக 60,000, மொத்தம் 6,83,000-க்கு 30 ஆண்டுத் தவணை மாதம் 4,300 சொச்சம் வரும். இப்போது இரண்டுக்கும் சேர்த்து 3,220 கட்டுகிறீர்கள். புதுக் கடனை எழுதுவதற்கான க்ளோசிங் செலவு தனி. "எல்லாம் ஒரே தவணை, நிம்மதி" என்று வங்கிக்காரர் சொல்வார். 2020-இல் கிடைத்த 3% கடன் உங்களிடம் இருக்கும் மிக நல்ல சொத்துகளில் ஒன்று, அதைக் கைவிட்டால் திரும்பக் கிடைக்காது.

இனி கொழுந்தனார் விஷயம். நீங்கள் எழுத்தில் தயங்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023-இல் கொடுத்த 50,000 கடனா, அன்பளிப்பா? நீங்கள் "உதவி" என்கிறீர்கள், உங்கள் கணவர் "திருப்பித் தருவான்" என்கிறார், மாமனார் "பாதி வீடு உங்களுடையதுதானே" என்கிறார். மூன்றும் மூன்று வேறு விஷயங்கள், மூன்றுக்கும் சட்டம் வேறு. அன்பளிப்பு என்றால் 2023-இல் ஒருவர் இன்னொருவருக்கு 17,000 வரைதான் படிவம் இல்லாமல் கொடுக்கலாம். கணவன் மனைவி இருவர் கணக்கிலும் பிரித்தாலும் 34,000-தான், அதற்கு மேல் போனதால் அன்பளிப்பு வரிப் படிவம் 709 போட்டிருக்க வேண்டும். வரி கட்ட வேண்டி வராது, ஆனால் தாக்கல் செய்ய வேண்டும். போட்டீர்களா என்று உங்கள் வரிக் கணக்காளரிடம் (சி.பி.ஏ.) இந்த வாரமே கேளுங்கள். கடன் என்றால் எழுத்து வேண்டும், வட்டியும் வேண்டும். 10,000 டாலருக்கு மேற்பட்ட கடனில் நீங்கள் வட்டி வாங்காவிட்டாலும் வாங்கியதாக எடுத்துக்கொள்ளும் விதி அமெரிக்க வரிச் சட்டத்தில் இருக்கிறது. பாதி வீடு என்றால் பத்திரத்தில் பெயர் வேண்டும். வெளிநாட்டு இந்தியர் குடியிருப்பு வாங்கத் தடை எதுவும் இல்லை, சகோதரர்கள் இருவர் பெயரிலும் கூட்டாகப் பதியலாம். பெயரே இல்லாமல் பணம் மட்டும் கொடுத்துவிட்டு, பின்னால் "எங்களுடையதும்தான்" என்று போனால் 2016-இல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டம் குறுக்கே நிற்கும். இந்த வீடு அவர் பெயரில் மட்டும் பதிவாகியிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே மாமனார் அன்போடு சொல்லும் அந்தப் பாதியை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

அந்த 50,000-க்கு நீங்கள் ஆண்டுக்கு 4,000 டாலர் வட்டி கட்டுகிறீர்கள் என்பது கோயம்புத்தூரில் யாருக்காவது தெரியுமா? தெரிந்திருக்காது. அமெரிக்காவில் சம்பாதிப்பவர் சேமிப்பிலிருந்து கொடுத்தார் என்றுதான் நினைத்திருப்பார்கள். சமையலறைக்கு வாங்கிய 46,000-க்கான வட்டியை வரிக் கழிவில் காட்டலாம், உங்கள் வரி அடுக்கில் ஆண்டுக்கு 800 டாலர் அளவில் மிச்சமாகும். கோயம்புத்தூருக்குப் போன பணத்தின் வட்டிக்கு அந்தச் சலுகையும் இல்லை, ஏனென்றால் அது இந்த வீட்டை மேம்படுத்தச் செலவானதில்லை.

உங்கள் கணவர் தம்பியிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "போன தடவை கொடுத்தது எங்கள் வீட்டை வைத்து வாங்கிய கடன், இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். அது தீரும்வரை பெரிய தொகை முடியாது." இதை அவர்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது. மருமகள் தடுத்தாள் என்று ஆகிவிட்டால் பேச்சு பணத்திலிருந்து வேறு எங்கோ போய்விடும். மாமனார் மாமியாரின் மருத்துவத்துக்கோ மாதச் செலவுக்கோ அனுப்புவதை நான் இதில் சேர்க்கவில்லை. அதைச் சம்பளத்திலிருந்து தாராளமாக அனுப்புங்கள். மேல்மாடி அவசரத் தேவை இல்லை. அவருக்கும் அங்கே வேலை இருக்கிறது, வீட்டுக் கடன் தரும் வங்கிகளும் இருக்கின்றன.

ஐ.யூ.எல். பற்றி நீண்ட பதில் தேவையில்லை. சந்தை ஏறினால் லாபம், இறங்கினால் நஷ்டமில்லை என்று பாட்லக் விருந்தில் தட்டு ஏந்தி நிற்கும்போது சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். லாபத்துக்கு உச்சவரம்பு உண்டு, கணக்கில் பெரும்பாலும் டிவிடெண்ட் சேராது, வயது ஏற ஏறக் காப்பீட்டுக்கான கழிவு ஏறும், முதல் சில ஆண்டுகளில் வெளியே வந்தால் போட்ட பணத்தில் பெரும்பகுதி சரண்டர் கட்டணமாகப் போய்விடும். நண்பர் சொல்லும் பிரீமியம் மாதம் 1,500. 8% வட்டிக் கடனை வைத்துக்கொண்டு அதைக் கட்டுவது சரியில்லை. உங்களுக்குத் தேவை இருவர் பெயரிலும் போதுமான டெர்ம் காப்பீடு (குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமான ஆயுள் காப்பீடு), அது இருக்கிறதா என்று கடிதத்தில் எழுதவில்லை. இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், நண்பரிடமே வாங்கினாலும் சரி.

இப்போது செய்ய வேண்டியது. நாளைக்கே வங்கியைக் கூப்பிட்டு ஹீலாக்கில் இனி பணம் எடுக்க முடியாதபடி நிறுத்தச் சொல்லுங்கள். மீதி 32,000 வரம்பு "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று மனது சொல்லும், உங்கள் வீட்டில் அது அவசரத்துக்கு இருந்ததே இல்லை. பாக்கியை நிலையான வட்டிக்கு மாற்றும் வசதி இருக்கிறதா என்றும் அப்போதே கேளுங்கள், பல வங்கிகளில் உண்டு. பிறகு மாதம் 790-க்குப் பதில் 2,400 தானாகப் போகும்படி சம்பளம் விழுந்த மறுநாளுக்கு வையுங்கள். மேலே பார்த்த 2,760-இலிருந்து 1,610 இதற்குப் போனாலும் 1,150 மிஞ்சும். முதல் ஆறு மாதம் அதை அவசர நிதியில் போடுங்கள். இந்த வேகத்தில் ஐந்து ஆண்டில் தீரும். கணவருக்கு ஆண்டுக்கு வரி போக 15,000 அளவில் போனஸ் வருகிறது என்றீர்களே, அதையும் இதிலேயே போட்டால் மூன்று ஆண்டு சொச்சத்தில் முடிந்துவிடும், மகள் காலேஜில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால். 401கே ஓய்வுக்காலச் சேமிப்பில், கம்பெனி தன் பங்கைப் போடுவதற்கு நீங்கள் போட வேண்டிய அளவைக் குறைக்காதீர்கள்.

கார்டு பாக்கி ஏறினால் ஏறட்டும், கண்முன்னால் நிற்கட்டும். முதல் இரண்டு மாதம் சிரமமாக இருக்கும், கேம்ப்பில் ஒன்றைக் குறைக்க வேண்டி வரலாம், பேஸ்மென்ட் எஸ்டிமேட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூன்றாவது மாதம் அந்தக் கார்டு ஸ்டேட்மென்ட்டை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து வரிவரியாகப் படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள், காலேஜுக்கான 529 சேமிப்புக் கணக்கில் எவ்வளவு போடுவது என்பதை அப்போது பேசலாம்.