பி.எஸ்சி. வேதியியல் படித்தால் வாத்தியார் வேலையைத் தவிர வேறென்ன இருக்கிறது?

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டதற்கு வேதியியல்தான் கிடைத்தது. "வாத்தியார் வேலை, அதை விட்டால் மருந்துக் கம்பெனி, இரண்டும் இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். சேர்க்கலாமா?"

தாராளமாகச் சேருங்கள் அண்ணே. சொந்தக்காரர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவர்கள் பார்த்தது கொஞ்சம்தான். எனக்குப் பாம்பன். அம்மா கடற்பாசி எடுக்கப் போனவர். நான் பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டுமே வேதியியல். முதல் வேலை கடல் உணவு ஏற்றுமதிக்கான பரிசோதனைக்கூடத்தில். இப்போது சென்னையில் காப்புரிமை (பேடன்ட்) விண்ணப்பங்கள் எழுதுகிறேன். கூடப் படித்தவர்களில் ஒருத்தி உணவுப் பாதுகாப்பு அலுவலர், ஒருத்தி வங்கியில், ஒருவன் சட்டம் படித்து மதுரையில் வக்கீல், இன்னொருவன் பெயின்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. ஆசிரியர்களும் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள்.

வேதியியலை ஒரே ஒரு வேலைக்கான பயிற்சியாகப் பார்க்க வேண்டாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ள இடம் தருகிற பொதுப் படிப்பாகப் பாருங்கள். வெறும் வார்த்தையாகச் சொன்னால் நம்பிக்கை வராது என்பதால், நம் கரையில் எல்லாருக்கும் தெரிந்த பாசியையே எடுத்துக்கொள்கிறேன்.

விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு பாறையில் அம்மா பாசி எடுத்த காலத்தில், மரிக்கொழுந்து என்ற பாசிக்கு வியாபாரி கூடுதல் விலை கொடுப்பார். கஞ்சிப்பாசிக்கு அதைவிடக் குறைவு, கட்டக்கோரைக்கு இன்னும் குறைவு. எது என்ன விலை போகும் என்று அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும். ஏன் அந்த விலை என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எனக்கு அது கல்லூரியில் புரிந்தது. மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும் இருப்பது அகர் என்ற கூழாக உறையும் பொருள், அதாவது காலக்டோஸ் வகைச் சர்க்கரைகள் நீளமாகக் கோத்து உண்டான சங்கிலி. அந்தச் சங்கிலியில் சல்பேட் நிறைய ஒட்டியிருந்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று நன்றாக முறுக்கிக்கொள்ளாது, கூழ் தளர்வாக நிற்கும். மரிக்கொழுந்தில் சல்பேட் குறைவு, அதனால் கூழ் கெட்டி, விலையும் கூடுதல். கஞ்சிப்பாசியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் சூடாக்கினால் சல்பேட்டில் ஒரு பகுதி கழன்று, அதன் கூழும் கெட்டிப்படும். கட்டக்கோரையில் அகரே கிடையாது. அதில் இருப்பது ஆல்ஜினேட், துணியில் அச்சடிக்கும் சாயப்பசையைத் திக்காக்கப் பயன்படுவது.

இந்த ஒரு விஷயம் தெரிந்தவர் எத்தனை நாற்காலிகளில் உட்கார முடியும் என்று எண்ணிப் பாருங்கள். பாசி கொள்முதல் செய்கிறவர் தரம் பார்த்து விலை பேசலாம். ஆலையில் காஸ்டிக் சோடா எவ்வளவு, எந்தச் சூட்டில், எவ்வளவு நேரம் என்று முடிவு செய்யலாம். அந்தக் காரத் தண்ணீர் வெளியே போகும்போது சரியாகச் சுத்திகரிக்கப்பட்டதா என்று பார்க்கும் சுற்றுச்சூழல் வேலை இருக்கிறது. கிருமி வளர்க்கும் தட்டில் ஊற்ற அகர் வாங்கும் ஆய்வகங்களுக்கு விற்பனை செய்யலாம். (1880களின் தொடக்கத்தில் ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டினுக்குப் பதில் அகரைப் பயன்படுத்தச் சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணி. உங்கள் மகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.)

என் வேலையும் இதில் வருகிறது. மண்டபம் பக்கம் மிதவை கட்டி வளர்க்கிறார்களே, காப்பாபைகஸ், அந்தப் பாசியைப் பச்சையாகவே பிழிந்து, சாற்றைத் திரவ உரமாகவும் சக்கையைக் காராஜீனன் என்ற இன்னொரு கூழ்ப்பொருள் எடுக்கவும் பயன்படுத்தும் முறைக்கு பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கிறது. அந்த நிறுவனத்துக்கு மண்டபத்தில் நிலையம் உண்டு. இப்படி ஒரு விண்ணப்பத்தை எழுதுகிறவருக்கு வேதியியலும் தெரிய வேண்டும், ஒரு வாக்கியம் சட்டப்படி எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது என்றும் தெரிய வேண்டும். "சூடாக்கி" என்று மட்டும் எழுதினால் எதிராளி ஓட்டை கண்டுபிடிப்பான். எத்தனை டிகிரியிலிருந்து எத்தனை டிகிரி வரை, அந்த எல்லை ஏன் என்று எழுத வேண்டும். அதே காப்பாபைகஸ் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் படர்ந்துவிட்டது என்று 2008இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதை ஆராய்வதும் ஒரு பிழைப்பு, அவசியமான பிழைப்பு. நம் மாவட்டத்தில் வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அங்கே வெளியூர் ஆட்கள் மட்டும் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கக் கூடாது, நம் பிள்ளைகளும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

பாடத்தைவிட முக்கியம் ஆய்வகம் தரும் பழக்கம். முதல் வருடத்திலோ இரண்டாம் வருடத்திலோ உங்கள் மகள் கிணற்றுத் தண்ணீரில் குளோரைடு எவ்வளவு என்று பார்ப்பாள். கூம்புக் குடுவையில் தண்ணீர், பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு, மஞ்சளாகிவிடும். மேலே பியூரெட்டில், அதாவது சொட்டுச் சொட்டாக விடும் அளவுக் குழாயில், சில்வர் நைட்ரேட். ஒவ்வொரு சொட்டு விழும் இடத்திலும் ஒரு சிவப்பு தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறையும். மறைய மறைய வேகம் குறைக்க வேண்டும். எந்தச் சொட்டில் செங்கல் நிறம் மறையாமல் நிற்கிறதோ அங்கே குழாயைத் திருகி மூட வேண்டும். விரலில் பட்டிருந்தால் மறுநாள் கறுத்துப் போயிருக்கும். இரண்டு அளவுகள் ஒத்துவரும் வரை திரும்பச் செய்ய வேண்டும், பக்கத்து மேசைக்காரி என்ன எழுதினாள் என்று பார்க்காமல் தன் அளவைத் தானே எழுத வேண்டும்.

அதற்குப் பிறகுதான் விஷயமே. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, லிட்டருக்கு 250 மில்லிகிராம் குளோரைடு ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 1000 வரை போகலாம் என்கிறது. நம் கடலோரக் கிணறு ஒன்றில் 700 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைக் குடிக்கலாமா? அந்த எண் பதில் சொல்லாது. ஊரில் வேறு தண்ணீர் இருக்கிறதா, கோடையில் இன்னும் ஏறுமா, மாதிரி எடுத்த பாட்டில் சுத்தமா, யார் குடிக்கப் போகிறார்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். அளந்ததை நேர்மையாகச் சொல்வது, அளவு சொல்லாததைத் தெரிந்ததாகக் காட்டாமல் இருப்பது, பிறகும் ஒரு முடிவுக்கு வருவது. வங்கியில் கடன் விண்ணப்பம் பார்க்கிறவளுக்கும் நீதிமன்றத்தில் தடயவியல் அறிக்கையைக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலுக்கும் தினமும் இதே வேலைதான்.

பெயின்ட் விற்கிற நண்பனைச் சொன்னேன். பெயின்ட் விற்க வேதியியல் எதற்கு என்று அவன் வீட்டிலேயே கேட்டார்கள். பாம்பனில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே துரு பற்றிச் சொல்லும். 1914இல் திறந்த பழைய ரயில் பாலத்தைக் காலமெல்லாம் உப்புக்காற்றோடு போராடித்தான் காப்பாற்றினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூச்சு ஏன் விலை கூடுதல் என்று பொறியாளரிடம் உட்கார்ந்து பேச, விற்பனைக்காரனுக்கு மின்வேதியியல், அதாவது இரும்பு துருப்பிடிக்கிற விதத்தை விளக்கும் பகுதி, தெரிந்திருக்க வேண்டும். அதற்கான மத்திய ஆய்வு நிறுவனமே காரைக்குடியில்தான் இருக்கிறது, 1948இல் தொடங்கியது.

வேதியியலைப் பொதுப் படிப்பாக எடுப்பதை அமெரிக்காவில் வெளிப்படையாகவே செய்கிறார்கள். அங்கே மருத்துவமும் சட்டமும் ஒரு பட்டம் முடித்த பிறகு படிப்பவை. ஆகவே வேதியியலை அடித்தளமாக வைத்துக்கொண்டு டாக்டராகவோ வக்கீலாகவோ போகிறவர்கள் அதிகம். பல கல்லூரிகளில் வேதியியலிலேயே பி.ஏ., பி.எஸ். என்று இரண்டு பட்டம் உண்டு, பி.ஏ.வில் பொதுவாக ஆய்வகம் கொஞ்சம் குறைவு, பொருளாதாரமோ வரலாறோ மொழியோ எடுத்துக்கொள்ள இடம் கூடுதல். இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சர் ஆக்ஸ்போர்டில் வேதியியல் படித்து, ஆய்வகத்தில் வேலை பார்த்து, பிறகு வக்கீலாகி, 1979இல் பிரதமரானவர்.

நம் ஊரில் அந்த ஏற்பாடு தானாக அமையாது. பி.எஸ்சி. முடித்து அப்படியே டாக்டர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நீட் எழுதித்தான் போக வேண்டும். மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) பதவிக்கும் பார்மசி சார்ந்த படிப்பு கேட்பார்கள், பொது வேதியியல் போதாது. உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு வேதியியல் வழியாகப் போவதென்றால் எம்.எஸ்சி. வேண்டும், பி.எஸ்சி. மட்டும் ஏற்க மாட்டார்கள். காப்புரிமை முகவராக அறிவியல் பட்டம், 21 வயது, தகுதித் தேர்வில் தேர்ச்சி, இவை போதும். மூன்று வருடச் சட்டப் படிப்பும் குடிமைப் பணித் தேர்வும் எந்தப் பட்டத்துக்கும் திறந்தவை. குடிமைப் பணியில் வேதியியலையே விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். வெறும் பி.எஸ்சி.யோடு தொழிற்சாலைத் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தால் ஆரம்பச் சம்பளம் குறைவு, ஷிப்டும் இருக்கும். எம்.எஸ்சி.யும் சேர்த்து ஐந்து வருடப் படிப்பாகவே கணக்குப் போடுங்கள்.

அந்த ஐந்து வருடத்தில் வேதியியலோடு இன்னொன்று சேர வேண்டும், அதை வீடுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால் முதலில் எழுத்து. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் பிழையில்லாமல், தமிழிலும் ஒரு பக்கம் எல்லாருக்கும் விளங்கும்படி எழுதத் தெரிந்த வேதியியல்காரர் மிகக் குறைவு; அப்படிப்பட்டவர்களைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஏற்றுமதிப் பரிசோதனைக்கூடத்தில் இறாலில் குளோராம்பெனிகால் என்ற தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் மருந்து கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தாலும் கருவி கண்டுபிடித்துவிடும். சரக்கு ஏன் நின்றது என்று முதலாளிக்கும் பண்ணைக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் தனித்தனியாக விளக்கி எழுதத்தான் ஆள் கிடைக்காது. எனக்கு அடுத்த வேலை கிடைத்ததே அந்த அறிக்கைகளால்தான். மகளுக்குக் கம்ப்யூட்டரில் ஆசை இருக்கிறது என்பதால் பைதான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். அவள் கேட்ட படிப்பு கைநழுவிப் போகவில்லை, இதன் கூடவே வரும்.

கட்டணம் கட்டும் முன் கல்லூரி ஆய்வகத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஆளுக்கொரு பியூரெட் தருவார்களா, நான்கு பேர் சுற்றி நிற்க ஒருத்தி மட்டும் செய்வாளா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள். கட்டடம் பெரிதாக இருப்பதைவிட அது முக்கியம். எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. போக ஆசைப்பட்டால் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது, இரண்டாம் வருடத்திலேயே தயாராகலாம். சேர்க்கை அன்று துணைப்பாடம் கணிதமா விலங்கியலா என்று கேட்டால், பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்கிறாள் என்றால் கணிதம் எடுக்கச் சொல்லுங்கள். இயற்பிய வேதியியல் தாளில் அது கைகொடுக்கும். பின்னால் கம்ப்யூட்டர் பக்கம் திரும்ப நினைத்தாலும் அந்தக் கதவு திறந்திருக்கும்.